ஞாயிற்றுக்கிழமைப் பாடு

என் தோணிக்காரனுக்கு,

இன்று காலை ஜெபத்தின் நடுவில் நான் சிரித்துவிட்டேன். முழங்காலில் நின்று, கண்ணை மூடி, கோட்டையில் இருக்கிறவர்களுக்காகவும் கடலில் போயிருக்கிறவர்களுக்காகவும் வேண்டிக்கொண்டிருந்தேன். அப்போது இறால் கருவாட்டு வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. கண்ணைத் திறந்து பார்த்தால், வெளியே தூறல் விழுகிறது என்று ஒரு பெண் தான் காயப்போட்டிருந்த இறாலைக் கூடையோடு உள்ளே கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் கண் பக்தியாக மூடியிருக்கிறது. ஒரு கை மட்டும் கூடைமேல் இருக்கிறது. பூனைக்குப் பயந்துதான் என்று நினைக்கிறேன்.

உடனே நீ நினைவுக்கு வந்துவிட்டாய். அதற்குப் பிறகு எங்கே ஜெபம் ஓடும்? ஆமென் சொல்லி எல்லாரையும் அனுப்பிவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. உனக்கு எழுத்துத் தெரியாது. நான் ஓலையோ காகிதமோ எடுத்தாலே, "வாய் கீதுல்ல, அத்த வெச்சிகினு பேசேன்" என்று கிண்டல் செய்வாய். இப்போது வாயால் பேச நீ எதிரில் இல்லை. ஆகவே பொறுத்துக்கொள்.

உன் தோணியில் நான் முதலில் ஏறிய நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கால் குறுகுறுக்கிறது. காவிரிக்கரை வயலைத் தவிர வேறெதையும் பார்க்காதவன் நான். பழவேற்காட்டுக் கோட்டையின் பாதிரியார் எங்கள் பக்கம் வந்திருந்தபோது என்னைக் கூப்பிட்டு, ஏரிக்கு நடுவில் ஒரு தீவு இருக்கிறது, அங்கே போய் உபதேசம் செய் என்று சொன்னதும் தலைகால் புரியவில்லை. உலகத்தின் மறுகோடிக்கே என்னை அனுப்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பழவேற்காட்டுத் துறையைப் பார்த்ததும் நான் நினைத்தது சரி என்றே தோன்றியது. தூரத்தில், கோட்டையைக் கட்டிய உலாந்தா வெள்ளைக்காரர்களின் கப்பல்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு நின்றன. கிடங்கு வாசலில் வண்ணத்துணி மூட்டைகள், வெடிமருந்து நெடி, மரக்காயர்களின் பேரம், காது கொள்ளாத அளவுக்குப் பலவிதமான பாஷைகள். எல்லாவற்றையும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்து நின்றவனை, நீதான் சட்டையைப் பிடித்து இழுத்துத் தோணியில் ஏற்றினாய்.

கோலை ஊன்றிக்கொண்டே கேட்டாய், "இன்னா விக்க வந்துகிற?"

"விக்க ஒண்ணும் இல்லை. ஒரு நல்ல சேதி சொல்ல வந்திருக்கேன்."

"சேதிய சொல்லிட்டு?"

"சொல்லிட்டு இங்கேயே இருப்பேன்."

"இருந்துட்டு?"

அதற்கு மேல் பாதிரியார் எனக்குச் சொல்லித்தரவில்லை. "மறுபடியும் சொல்வேன்" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் தோணி ஒரு பக்கமாகச் சாய்ந்து என் துணி மூட்டை நனைந்தது. "சரியான ஆளத்தான் அனுப்பிகிறாங்க" என்றாய். எனக்குக் கோபம் வரவில்லை. பூநாரைக் கூட்டம் ஒன்று எழும்பி வெயிலில் சிவந்து திரும்பியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் வயதுதான் எனக்கும். அந்த வயதில் யாராவது சிரித்தால் கூடச் சிரிக்கத்தான் வரும்.

என் முதல் பிரசங்கம் ஞாபகம் இருக்கிறதா? தீவின் தென்கரையில் கழுத்தளவு தண்ணீரில் பெண்கள் தவழ்ந்து தவழ்ந்து கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். எதிர்க்கரையிலிருந்து வருகிற பெண்கள் அவர்கள். ஓலையால் பின்னிய பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் அகப்பட்ட இறாலை அதில் போட்டுக்கொண்டே போவார்கள். இவ்வளவு பேர் ஒரே இடத்தில், இவ்வளவு அமைதியாக! நான் கரையில் ஒரு மேட்டில் ஏறி நின்று, தெரிந்தது அத்தனையையும் சொல்லிமுடித்தேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. என் நெஞ்சு நிரம்பிவிட்டது. கடைசியில் ஒருத்தி நிமிர்ந்து, கயிற்றை வாயிலிருந்து எடுத்து, "முடிஞ்சிதா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் கடித்துக்கொண்டாள்.

நீ தோணியில் மல்லாந்து விழுந்து சிரித்தாய். "வாயில பறி கீதுயா! அதுங்க எப்டி பதில் பேசும்?"

அன்றிலிருந்து தினமும் வந்தாய். முதலில் வேடிக்கை பார்க்க வந்தாய், பிறகு கேட்க வந்தாய். ஒருநாள், "மெய்யாலுமே சாமிகிட்ட நேராவே பேசலாமா? நடுவுல ஆளு தேவ இல்லியா?" என்று கேட்டாய். தேவையில்லை என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாய். மறுநாள் ஏரியிலிருந்து உன் குரல் கேட்டது. காற்று இல்லாததற்கு யாரையோ ஏசுகிறாய்; கொஞ்சநேரம் கழித்து அவரையே சமாதானமும் படுத்துகிறாய். தோணியில் உன்னைத் தவிர வேறு ஆள் இல்லை. உன் நைனா போனபின் ஏரியில் தனியாகக் கிடந்து கிடந்து உனக்குப் பேச்சுத்துணை இல்லாமல் இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. "நல்லா கேக்குறாருய்யா. குறுக்க பேசல" என்று கரையேறி வந்து சொன்னாய். நான் அன்று இரண்டு வேளைச் சோற்றை ஒரே வேளையில் சாப்பிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

பிறகு நீயே ஞானஸ்நானம் வேண்டும் என்றாய். உன் அம்மா ஒரு நாள் அழுதாள், மறுநாள் விட்டுவிட்டாள். உன் மனைவிதான் அரிவாள்மணையில் மீனை வைத்தபடியே என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அது எந்த சாமிய வேணா கும்புடட்டும், உபதேசியாரே. பாட்ட மட்டும் வுடக் கூடாது. பாடு போனா இந்த வூட்ல அடுப்பு எரியாது."

பாடு என்றால் என்னவென்று அதற்குள் எனக்கும் தெரிந்திருந்தது. ஏரியில் வலை கட்டுகிற இடங்கள் எல்லாம் ஊருக்குப் பொது. யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று பருவம் தொடங்கும்போது அம்மன் கோயில் வாசலில் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அந்த முறைதான் பாடு. குடும்பத்துக்கு ஒரு அடையாளம் கீறிய ஓலை நறுக்கு பானைக்குள் கிடக்கும். ஒரு சின்னப் பெண் கையை விட்டு எடுப்பாள். நல்ல இடம் எல்லாருக்கும் சுற்றி வரும், கெட்ட இடமும் சுற்றி வரும். சண்டை கிடையாது. இடங்களிலேயே கொழுத்தது முகத்துவாரத்து மேடு. அமாவாசையில் தண்ணீர் ஏறி, பிறகு கடலுக்கு இறங்கும்போது, வளர்ந்த இறால் எல்லாம் அந்த வழியாகத்தான் இறங்கும்.

அந்த வருஷம் சீட்டு எடுத்த அன்று கோலைத் தோளில் வைத்துக்கொண்டே ஓடிவந்தாய். "அமாவாச எனுக்கு! மொவத்தார மேடு எனுக்கு!" நானும் உன்னைத் தேடித்தான் ஓடிவந்துகொண்டிருந்தேன். கோட்டையிலிருந்து ஆள் வந்திருந்தது. பாதிரியார் தீவுக்கு வருகிறார், உனக்கு ஞானஸ்நானம் தருகிறார்! மணலில் நாம் இருவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்ததைப் பார்த்து நாய்கள்கூடக் குரைத்தன. எந்த நாள், எந்த நாள் என்று மாறிமாறிக் கேட்டுக்கொண்டோம். நீ உன் நாளைச் சொன்னாய், நான் என் நாளைச் சொன்னேன், மறுபடியும் குதித்தோம். உன் மனைவி மீன் செதிலைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"ரெண்டும் ஒரே நாளு" என்றாள்.

அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்திருந்தது.

உடனே உன் தோணியிலேயே கோட்டைக்குப் போனேன். பாதிரியார் நல்லவர், ஆனால் ஞாயிறு விஷயத்தில் இரும்பு. ஓய்வுநாளில் வேலை செய்கிறவனுக்கு ஞானஸ்நானம் இல்லை என்றார். வேறு நாள் வரலாமே என்றேன். காற்று திரும்பியதும் அவர் கடலுக்கு அப்பாலுள்ள பத்தாவிப் பட்டணத்துக்குக் கப்பல் ஏறுகிறார். அவர் இடத்துக்கு யார் வருவார், எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. திரும்பி வந்து இருவருமாக ஊர்த்தலைவர் நாட்டாரிடம் போனோம். ஊர் வழக்கு அத்தனையும் அவர் வாயில் இருக்கும், வெற்றிலையோடு சேர்ந்து.

"வேற யார்கூடனா மாத்திக்கினா?" என்று கேட்டாய்.

"பாடு மாத்தற வழக்கம் இந்த ஏரில கிடையாது. இன்னிக்கு மாத்துவான், நாளைக்கு விப்பான். அப்பால துட்டு இருக்கறவன் ஒருத்தனே ஏரிய மடக்கிப் போட்டுப்பான்."

"நானு போகாம வுட்டுட்டா?"

"வுட்டவன் பேரு அடுத்த பானையில இருக்காது. உனுக்கு மட்டும் இல்ல, எம் புள்ளைக்கும் அதான். பாடு வுழுந்த பாட்டுக்காரன் கை வலையில இருக்கணும். அவ்ளோதான் சட்டம்."

அவர் உன்மேல் கோபப்பட்டுச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது. வரும் வழியில் நீ ஏரியைக் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கோ திடீரென்று மண்டைக்குள் விளக்கு ஏற்றின மாதிரி ஆகிவிட்டது. உன் தோளைப் பிடித்து உலுக்கினேன். "கை வலையில இருக்கணும்னுதானே சொன்னார்? நீயே இழுக்கணும்னு சொல்லலையே! வலையைச் சனிக்கிழமையே கட்டிடுவோம். ஞாயித்துக்கிழமை நீ கயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா நில்லு. அது வேலை இல்லை. இழுக்க வேற ஆள் இழுக்கட்டும்!"

உன் முகம் மலர்ந்தது. உடனே வாடியது. "எந்த ஆளு?"

அதுதானே கேள்வி. உன்னோடு பங்கு போட்டு வலை இழுக்கிறவன் உன் மச்சான், உன் மனைவியின் அண்ணன். கோட்டைக்காரன் சாமியிடம் போகிறவன் வலையைத் தொடமாட்டேன் என்று அவன் அதற்கு முன்பே சொல்லியாயிற்று. மற்றவர்களிடம் வீடு வீடாகப் போனோம். யாரும் முகத்தில் அடித்தாற்போல் சொல்லவில்லை. ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு அவர் பாடு, ஒருவருக்கு மாமியார் வீட்டில் விசேஷம். சனிக்கிழமை விடிந்தபோது இழுக்க ஆள் இல்லை.

"சரி, என்ன பண்ணலாம்?" என்றேன்.

"நிப்பேன். ரெண்டுக்கும் நிப்பேன். மீதிய அவரு பாத்துப்பாரு."

"பாதிரியாரா?"

"ப்ச்" என்று மோவாயால் மேலே காட்டினாய்.

அந்தச் சனிக்கிழமையைப் போல ஒரு நாளை நான் என் வாழ்நாளில் அனுபவித்ததில்லை. வலை கட்டக் கழி நட வேண்டும். நீ ஒரு கழியை ஊன்றி நிமிர்வதற்குள் என் கழியோடு சேர்ந்து நானும் நடப்பட்டிருப்பேன். என்னைச் சேற்றிலிருந்து பிடுங்குவதே உனக்குப் பாதி வேலை. அங்கி இடுப்பில், சேறு தலையில். நண்டு ஒன்று என் கட்டைவிரலைப் பிடித்தபோது நான் போட்ட சத்தத்துக்குப் பறவைகள் எழுந்து பறந்தன. அந்தப் பக்கம் இறால் தடவிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி பறிக்கயிற்றை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இன்னாய்யா, இன்னிக்கு சேதி சொல்லலியா?" என்று கேட்டாள். "நாளைக்கு வந்து பாரு!" என்று நான் கத்தினேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியவில்லை. ஆள் கிடைக்கவில்லை, பாதிரியார் என்ன சொல்வார் என்று தெரியாது, ஆனாலும் நாம் இருவரும் பொழுது சாய்வதற்குள் வலையைச் சுற்றிக் கட்டி முடித்துவிட்டோம்.

ஞாயிறு காலையில் தண்ணீர் இறங்கத் தொடங்கியதுமே நீ போய் நின்றுவிட்டாய். வெள்ளைவேட்டி, இடுப்பளவு தண்ணீர், கையில் வலைவாய்க் கயிறு. உன் பக்கத்தில் நான். கரையில் ஊரே கூடியிருந்தது. உன் மனைவி காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நின்றிருந்தாள்.

கோட்டைப் படகு துடுப்புகளோடு பெரிய ஆரவாரமாக வந்தது. அது ஆழத்தில் போகிற படகு. வற்றுகிற ஏரிக்குப் பழக்கமில்லாதது. நமக்குக் கூப்பிடுதூரத்தில் அடி தட்டி நின்றுவிட்டது. துடுப்புக்காரர்கள் தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை. பாதிரியார் கறுப்பு அங்கியும் வெள்ளைத் தலைமயிர்த் தொப்பியுமாக எழுந்து நின்று, கண்ணுக்குமேல் கை வைத்துப் பார்த்தார். படகு தட்டியதில் பொய்மயிர் ஒரு காதுப் பக்கம் இறங்கியிருந்தது.

"உபதேசியாரே, அவன் என்ன செய்கிறான்?" அவருடைய தமிழ் மெதுவாக வரும், ஆனால் முழுதாக வரும்.

"நிற்கிறான், ஐயா."

"கையில் என்ன?"

"கயிறு."

"கயிற்றின் அந்தப் பக்கம்?"

"வலை."

"வலையில்?"

நான் திரும்பிப் பார்த்தேன். வலைக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல் இறால் துள்ளிக்கொண்டிருந்தது. என் நெஞ்சும் கூடவே துள்ளியது. பொய் சொல்ல வரவில்லை. "இறால், ஐயா. ஏராளம்" என்றேன்.

"இது வேலை."

"வேலை நேற்றே முடிந்துவிட்டது, ஐயா. இன்று அவன் சுண்டுவிரலைக் கூட அசைக்கவில்லை!"

அவர் என்னை விட்டுவிட்டு உன்னைப் பார்த்தார். "நீ ஏன் அதை விடவில்லை?"

நீ பயப்படுவாய் என்று நினைத்தேன். உன் குரல் நடுங்கவே இல்லை. "வுட்டா நாளைக்கு என் வூட்ல சோறு இல்ல, பாதிரி அய்யரே. அதான் புடிச்சிகினு நிக்கிறேன். இழுத்தா உங்களுக்கு குடுத்த வார்த்தை போச்சி. அதான் இழுக்கல. ரெண்டுல எத்த வுட்டாலும் நான் நல்லவன் இல்ல. வேற ஒண்ணியும் எனுக்குத் தெரியாது."

பாதிரியார் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். படகைத் திருப்பச் சொல்லப்போகிறார் என்றே எண்ணினேன். குனிந்து என்னவோ செய்தார். பிறகுதான் தெரிந்தது, பூட்ஸைக் கழற்றுகிறார்! தடாலென்று தண்ணீரில் இறங்கித் தொடைவரை புதைந்தார். ஒவ்வொரு காலையும் பிடுங்கிப் பிடுங்கி நம்மிடம் வந்து சேர்வதற்குள் மூச்சு வாங்கியது. கடைசி எட்டில் அவர் சாயப்போனபோது, கயிறு பிடிக்காத உன் இன்னொரு கைதான் அவரைத் தாங்கியது. ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவந்த வெள்ளிக் கிண்ணத்தைப் படகிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். ஏரித் தண்ணீரையே கையால் அள்ளினார்.

மூன்று முறை உன் தலையில் வார்த்தார். உனக்கு ஒரு பெயரும் வைத்தார். அந்தப் பெயரை ஊரில் யாரும் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை என்பது வேறு விஷயம். தண்ணீர் முகத்தில் வழிந்து உதட்டுக்கு வந்ததும் நாக்கால் துழாவிப் பார்த்து, "உப்பு ஜாஸ்தி" என்றாய். பாதிரியார் சிரித்ததை நான் அன்றுதான் முதல்முறை பார்த்தேன். நான் அழுதேன். வெட்கமில்லாமல் விம்மி விம்மி அழுதேன்.

அப்போதுதான் கழி ஒன்று சாய்ந்தது.

வலை கனத்துவிட்டது. தண்ணீரின் இறக்கமும் தளர ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்சநேரத்தில் ஏற்றம் திரும்பும். திரும்பினால் வலை தொய்ந்து இறால் அத்தனையும் வெளியே போய்விடும். உன் கையில் நரம்பு புடைத்தது. ஒரு இழுப்பு, அவ்வளவுதான், உன் உடம்பு முழுக்க அந்த இழுப்புக்குத் துடித்தது. நீ கண்ணை இறுக மூடிக்கொண்டாய். நான் பாதிரியாரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் ஞாயிறு, இழுக்கக் கூடாது. இரண்டாவது கழியும் சாய்ந்தது.

கரையிலிருந்து நாட்டாரின் குரல் வந்தது. "பாட்டுக்காரன் கை வலையில கீதா?"

"கீது!" என்று உனக்கு முன்னால் நான் கத்தினேன்.

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வேட்டியை வரிந்து கட்டினார். "அப்ப பாடு சரி. கண்ணு முன்னால எறா போவறத வேடிக்க பாத்துகினு நின்னா அம்மனுக்கே ஆகாது. எறங்குங்கடா!"

முதலில் பாய்ந்தது உன் மச்சான். உன் முகத்தைப் பார்க்காமலே வந்து கயிற்றைப் பிடித்தான். பின்னாலேயே காய்ச்சல்காரர் வந்தார், மாமியார் வீட்டுக்குப் போயிருக்கவேண்டியவர் வந்தார், மொத்த ஊரும் வந்தது. ஏலேலோ என்று அவர்கள் இழுத்த இழுப்பில் ஏரி குலுங்கியது. சாய்ந்த கழியைப் பாதிரியார் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அது வேலையா இல்லையா என்று நான் கேட்கவில்லை. நடுவில் நீ ஒரு கையைக் கயிற்றில் வைத்துக்கொண்டு, ஒரு விரலும் அசைக்காமல், உரக்கச் சிரித்துக்கொண்டே அழுதாய். நாட்டார் இழுத்தவர்களுக்கு இழுத்த பங்கைப் பிரித்தார். பாட்டுக்காரன் பங்கு முழுதாக உன் மனைவியின் கூடைக்குப் போனது. கூடை போதவில்லை, அவள் என் மேல்துண்டையும் பிடுங்கிக்கொண்டாள்.

அதற்கப்புறம் அது வழக்கமாகவே ஆகிவிட்டதல்லவா? உன் பாடு ஞாயிற்றில் விழுந்தால் ஊர் இழுத்தது. அம்மனுக்குக் காப்புக் கட்டி அவர்கள் வலை இழுக்காமல் இருந்த நாட்களில், கையை மட்டும் கயிற்றில் வைத்துக்கொண்டு அவர்கள் நிற்க, நீ இழுத்தாய். உன்னைப் பின்தொடர்ந்து ஜெபத்துக்கு வந்தவர்கள் சிலர்தான். வராதவர்களும் தங்கள் வீட்டுக் கூரையைப் பிரித்தபோது ஜெபவீட்டுக்கு ஓலை கொடுத்தார்கள். நான் திரும்பிப் போகவே இல்லை. கோட்டையில் பாதிரியார்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். நான் இங்கேயே நரைத்தேன். நீயும் நரைத்தாய். ஏரியில் உன் ஏச்சுச் சத்தம் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. வாடைக்காற்றோடு வந்த ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோகும்வரை கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். எனக்கு நீ எவ்வளவு வேண்டியவன் என்பதை உன்னிடம் நேராகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நீ தோணியில் மல்லாந்து விழுந்து சிரித்திருப்பாய். இப்போது சொல்கிறேன்.

உன் மனைவி உனக்கு முந்திப் போய்விட்டாள். மகள்கள் கடலோரக் குப்பங்களில் வாழ்க்கைப்பட்டு நன்றாக இருக்கிறார்கள். மகன் இல்லாதவன் பாடு அவனோடு முடிந்துவிடும் என்பது வழக்கு. உன் அடையாளம் கீறிய ஓலை இனிப் பானைக்குள் விழாது என்று நினைத்தபோது, உன்னைப் புதைத்த அன்றைவிட எனக்கு வலித்தது. இந்த வருஷம் சீட்டுப் போடுகிற நாளில் நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஜெபவீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, மேளச் சத்தம் கேட்காதபடி ஒரு பாட்டை உரக்கப் பாடிக்கொண்டிருந்தேன்.

உன் மச்சான்தான் இப்போது நாட்டார். கிழவன் கம்பை ஊன்றிக்கொண்டு ஜெபவீட்டு வாசல்வரை வந்தான். இத்தனை வருஷத்தில் அவன் அந்த வாசலைத் தாண்டியதில்லை, அன்றும் தாண்டவில்லை. வெளியே நின்றபடி என்னைக் கூப்பிட்டான்.

"இன்னா உபதேசியாரே, உள்ள குந்திகினு கீற? உன் பாடு வுழுந்துச்சி, வந்து கேட்டுக்க மாட்டியா?"

"எனக்கு ஏது பாடு?"

"அவன் ஓலைய உன் பேருல போட்டோம். ஊர் பேசித்தான் போட்டோம்."

"நான் மகனும் இல்லை, ரத்தமும் இல்லையே. வழக்கு என்ன ஆச்சு?"

"அன்னிக்கு அவனுக்கு கழி நட ஒருத்தனும் போவல. நானே போவல. நீ போன. ஊர்ல யாரும் அத்த மறக்கல." கம்பைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னான், "மொவத்தார மேடு வந்துகீது. ஞாயித்துக்கெழம. நீ ஒண்ணியும் இழுக்க வேணாம். கை வெச்சிகினு நில்லு, போதும்."

வரும் ஞாயிறுதான் அது. காலை ஜெபத்தை ஏரிக்குள்ளேயே வைத்துக்கொள்வோம் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். கழிகளை நேற்று மச்சானும் நானும் சேர்ந்து பொறுக்கி வைத்தோம். இந்த வயதில் நான் சேற்றில் புதைந்தால் என்னைப் பிடுங்க ஆளில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. முதல்முறை தோணி ஏறிய அதே குறுகுறுப்பு. எங்கிருந்தோ வந்தவனுக்கு இந்த ஏரியில் ஒரு இடமும் ஒரு நாளும் இருக்கிறது. கயிற்றில் என் கை இருக்கும். இழுக்க ஊர் முழுக்க இருக்கிறது. நீ ஒருவன்தான் இல்லை.